நாலாம் நம்பர் கட்டில்

ஃபெமினா ஆவூர்ப் பெண். அப்பா குவைத்தில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஈஸ்டர் பாஸ்காவை ஒட்டி லீவில் வந்து போவார். அம்மா மரிய செல்வி பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் மறைக்கல்வி வகுப்பும் அவர்தான் எடுப்பார். டீச்சர் மகள் என்பதால் ஃபெமினா சின்ன வயதிலிருந்தே திட்டு வாங்காத பிள்ளையாக வளர்ந்தாள். தப்பு செய்துவிடக் கூடாது என்பதைவிட, நாலு பேர் முன்னால் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். இரண்டும் ஒன்றில்லை என்று அவளுக்குத் தெரிந்தது நர்சிங் மூன்றாம் வருஷத்தில், ஒரு மழைக்கால வியாழக்கிழமை.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் நர்சிங் காலேஜில் படித்தாள். படிப்பு முடிந்ததும் ஜெர்மனி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பெரியப்பா மகள் அங்கே நர்ஸாகப் போய்ச் சேர்ந்து, பனியில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பியதிலிருந்து அந்தப் பேச்சு வேறு பக்கம் திரும்பவே இல்லை. பகலில் காலேஜும் ஆஸ்பத்திரியும், சாயங்காலம் ஆன்லைனில் ஜெர்மன் வகுப்பு. அம்மாவிடமிருந்து காலையில் வரும் முதல் மெசேஜ் 'நேற்று டெஸ்ட்டில் எத்தனை?' என்பதாகத்தான் இருக்கும்.

ஹாஸ்டலில் அவள் அறைத்தோழி கார்த்திகா. குன்றாண்டார்கோவிலுக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா கடலையும் உளுந்தும் போடுகிற சம்சாரி. அந்த வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டிய முதல் ஆள் இவள்தான். காலேஜில் சேர்க்கும்போதே அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஒரு பேப்பர் போனாலோ, ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலோ, அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று. அத்தை மகன் கெட்டவன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். "அவனப் புடிக்காம இல்லடி," என்பாள் கார்த்திகா. "ஒரு வருஷமாச்சும் என் சம்பளத்துல நான் இருந்து பாக்கணும். அதுக்கப்பறம் எவனையாச்சும் கட்டிக்கிறேன்."

இரண்டு பேரும் நல்ல மாணவிகள் என்றுதான் பெயர். ஆனாலும் மூன்று வருஷத்தில் சில பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வராதவளுக்காக அட்டெண்டன்ஸில் குரல் கொடுப்பது, ஆஸ்பத்திரி டியூட்டியில் பிரஷர் பார்க்காமலே நூற்றி இருபதுக்கு எண்பது என்று எழுதிவைப்பது. சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள், இவர்களும் செய்தார்கள். ஆரம்பத்தில் ஃபெமினாவுக்கு உறுத்தியது. பிறகு உறுத்தவில்லை.

அந்த வருஷம் அவர்களுக்கு டியூட்டி போட்டிருந்தது நகரத்துக்குள் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்து, ஊரெல்லாம் காய்ச்சல். பெண்கள் வார்டில் கட்டில் காலியில்லை. அன்று காலை டியூட்டிக்கு வரவேண்டிய இரண்டு நர்ஸில் ஒருத்தி வரவில்லை. இருந்தது சத்யா மட்டும். முப்பது வயதுக்காரி, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். மாணவிகளிடம் ஒருநாளும் முகம் கடுத்ததில்லை.

மாணவிகள் ஊசி போடும்போது நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அன்று சத்யாவுக்கு நிற்க நேரமில்லை. "நீங்க ரெண்டு பேரும் இன்சுலின முடிச்சிருங்கம்மா, நான் டிரிப்ஸ் எல்லாம் மாத்திட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஓடினாள்.

ஃபெமினா மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சிரிஞ்சாக ஏற்றிக் கொடுக்க, கார்த்திகா கட்டில் கட்டிலாகப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். நாலாம் நம்பர் கட்டிலில் பிரகதாம்பாள் என்று ஒரு சர்க்கரை நோயாளி மூன்று நாளாக இருந்தார். அவருக்கு இருபத்தி நாலு யூனிட். அந்த நேரம் பார்த்து ஃபெமினாவின் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே சிரிஞ்சை நீட்டினாள். "நாலாம் பெட்," என்றாள். பெயரைச் சொல்லவில்லை.

முந்தின ராத்திரி ஆறாம் கட்டிலுக்கு மேலிருந்த ஃபேன் நின்றுபோயிருந்தது. அங்கே படுத்திருந்தவர் செங்கமலம், நூறுநாள் வேலைக்குப் போகிற அம்மா. காய்ச்சலும் வாந்தியுமாகச் சேர்த்திருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் அவர் அனத்துவதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஃபேன்காற்று ஆகாது, நீ இங்கிட்டு வந்து படு என்று பிரகதாம்பாள்தான் இடம் மாற்றிக்கொண்டார். நர்சுகளிடம் சொல்லவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. விடிந்ததும் பிரகதாம்பாளை வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்குக் கீழே அழைத்துப் போய்விட்டார்கள்.

கார்த்திகா நாலாம் கட்டிலுக்குப் போனபோது காய்ச்சல் மயக்கத்தில் ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஊசி போடப் போறேம்மா என்றாள். அந்த அம்மா கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

ஒன்பது மணிக்கு மேல் செங்கமலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்த கணவர் ஆண்டியப்பன் துண்டால் துடைத்துக்கொண்டே, காய்ச்சல் இறங்குது தாயி என்று ஃபெமினாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவளும் கையைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. நல்லதுங்கையா என்று சொல்லிவிட்டு, கட்டில் நம்பரைக் கவனிக்காமலே நகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் செங்கமலம் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். ஆட்டைப் பிடித்துக் கட்டச் சொன்னார். கணவரைப் பார்த்து யார் நீ என்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கையும் காலும் வெட்டி இழுக்கத் தொடங்கியது.

டியூட்டி டாக்டர் ரகுநாத் ஓடி வந்தார். இளவயசுக்காரர், முந்தின நாளிலிருந்து தூங்காத முகம். சுகர் எவ்வளவு என்று கேட்டார். காலையில் லேபில் எடுத்தது நூற்றிப் பத்து, இவங்க சுகர் பேஷண்ட் இல்ல சார் என்றாள் சத்யா. அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த உண்மை. காய்ச்சலோடு ஃபிட்ஸ் என்றதும் டாக்டரின் யோசனை மூளைக்காய்ச்சல் பக்கம் போய்விட்டது. ஃபிட்ஸுக்கு ஊசி போடச் சொன்னார், ஆக்சிஜன் வைக்கச் சொன்னார், திருச்சிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னார். இழுப்பு நின்றது. ஆனால் செங்கமலம் எழுப்பினால் எழவில்லை. ஆண்டியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

பிரகதாம்பாளை வீல்சேரில் திருப்பிக் கொண்டுவந்தது அந்த நேரத்தில்தான். நேராக ஆறாம் கட்டிலில் போய் உட்கார்ந்தவர், மகள் கொடுத்த இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஃபெமினாவைக் கூப்பிட்டார். "ஸ்கேன் முடிஞ்சிருச்சு பாப்பா. ஊசியப் போட்டுவிட்டீன்னா சாப்பிட்டுருவேன்."

ஃபெமினா அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த கட்டிலின் நம்பரைப் பார்த்தாள். பிறகு நாலாம் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். திரும்பினால், கார்த்திகாவும் அதே கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

கார்த்திகா அவள் மணிக்கட்டைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப் போனாள்.

"சொல்லிராதடி," என்றாள். "ஒன் கால்ல விழுறேன். எங்கப்பா என்னையத் தூக்கிட்டுப் போயிருவாரு."

"செத்துரும் கார்த்தி அந்தம்மா."

"திருச்சிக்குத்தான கொண்டு போறாங்க. அங்க பாத்துக்குவாங்க."

வழியிலேயே உயிர் போய்விடலாம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தன் அப்பாவைப் பற்றிக் கார்த்திகா சொன்னதும் பொய்யில்லை. சிரிஞ்சை ஏற்றியவள் தான், போட்டவள் அவள். சொன்னால் இரண்டு பேரும் மாட்டுவோம். கூடவே சத்யாவும். ஃபெமினாவுக்கு அம்மாவின் முகம் வந்தது, குவைத்தில் இருந்து அப்பா பேசும் வீடியோ கால் மனசில் ஓடியது. இவ்வளவும் ஒரு மூச்சு நேரத்துக்குள். அடுத்த மூச்சில் அவள் கை, அலமாரியில் இருந்த சுகர் மெஷினை எடுத்தது.

ஒரு வழி தோன்றியிருந்தது. சுகரை மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். எப்படிக் குறைந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

கூட்டத்துக்குள் நுழைந்து செங்கமலத்தின் விரலில் குத்தினாள். மெஷினில் இருபத்தாறு என்று வந்தது. "சார், சுகர் இருபத்தாறு," என்றாள். டாக்டர் மெஷினைப் பிடுங்கிப் பார்த்தார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளுக்கோஸை நேராக நரம்பில் ஏற்றினார்கள். பாட்டில் ஒன்று முடிந்து அடுத்தது ஏறும்போது செங்கமலம் இமையைத் திறந்தார். தண்ணி, என்றார்.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரெண்டு நாளாச் சாப்பாடு இறங்கல, வாந்தி வேற, அதான் சுகர் விழுந்துபோச்சு என்று டாக்டரே காரணமும் சொல்லிக்கொண்டார். எல்லாருக்கும் முன்னால் ஃபெமினாவின் பெயரைக் கேட்டார். இந்தப் பொண்ணுக்குத் தோணினது எனக்குத் தோணாமப் போச்சு என்றார். ஆண்டியப்பன் அவளைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். அவர் வாழ்நாளில் தன் வயதில் பாதிகூட இல்லாத ஒருத்தியை அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டார். ஃபெமினா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கத்தில் குனிகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

சத்யா எங்கிருந்தோ ஒரு டீ வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தாள். கார்த்திகா, பிரகதாம்பாளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவருடைய ஊசியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு வந்தாள். "முடிஞ்சிருச்சுடி," என்று காதோடு சொன்னாள். "இனி வாயத் தொறக்காத."

முடியவில்லை என்பது ஃபெமினாவுக்குத்தான் தெரிந்திருந்தது. போட்ட இன்சுலின் கலப்பு இன்சுலின். ஒரு பாதி சட்டென்று வேலை செய்யும். மறுபாதி மெதுவாக, ராத்திரி வரைக்கும் சுகரை இழுத்துக்கொண்டே இருக்கும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் அவள். கொடுத்த குளுக்கோஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் மறுபடியும் இறங்கும். டாக்டருக்குக் காரணம் தெரியாது. கஞ்சி கொடுங்க, தூங்க விடுங்க என்று சொல்லிவிட்டு அவர் ஓ.பி.க்குப் போய்விட்டார். தூங்கினால் வேர்ப்பதையும் உளறுவதையும் யார் பார்ப்பார்கள்?

தானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். அடிக்கடி ஏதோ சாக்கில் நாலாம் கட்டிலுக்குப் போனாள். திரும்பச் சுகர் பார்த்தபோது ஐம்பத்தெட்டு. யாரிடமும் சொல்லாமல் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். ரொம்பக் கரிசனமான பிள்ளை என்றார் ஆண்டியப்பன். அடுத்த முறை பார்த்தபோது கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்த முறை மறுபடி கீழே. செங்கமலம் வாயைத் திறக்க மறுத்தார். இரண்டு மடக்கு உள்ளே போனதும் வாந்தியாக வெளியே வந்தது. ஃபெமினா துடைத்தாள், மறுபடி கரைத்தாள். உள்ளங்கையெல்லாம் பிசுபிசுத்தது. சத்யா தூரத்திலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது கீழே காலேஜ் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

டியூட்டி முடியும் நேரம். பஸ்ஸில் ஏறியே ஆக வேண்டும். தங்குகிறேன் என்றால் எதற்கு என்று கேட்பார்கள். ஏறிவிட்டால், சாயங்காலம் வருகிற நர்ஸுக்குச் செங்கமலம் காய்ச்சல் இறங்கித் தூங்குகிற ஓர் ஆள், அவ்வளவுதான். கார்த்திகா அவளுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். வா, என்று கண்ணாலேயே கூப்பிட்டாள்.

ஃபெமினா இரண்டு படி இறங்கினாள். பிறகு திரும்பி, ஓ.பி. இருந்த பக்கம் நடந்தாள். பின்னால் தன் பெயர் கேட்டது. நடை ஓட்டமானது. டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். டாக்டர் ஒருவருடைய தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தம்மாவுக்குச் சுகர் தானாக் கொறையல. பேஷண்ட் மாறி இன்சுலின் போட்டுட்டோம்."

அவர் டார்ச்சை அணைக்கவில்லை. "எவ்வளவு?"

"இருபத்தி நாலு யூனிட். மிக்ஸ்."

"எப்ப?"

"காலையில, எட்டு மணிக்கு சார். நான்தான் ஏத்திக் கொடுத்தேன்."

வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டு டாக்டர் வெளியே ஓடினார்.

அன்று சாயங்காலத்துக்குள் செங்கமலத்தின் சுகர் இன்னும் இரண்டு தரம் அபாயமாக இறங்கியது. காரணம் தெரிந்திருந்ததால் ஐ.சி.யு.வில் வைத்து, மணிக்கொரு தரம் பார்த்து, விடாமல் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். தப்பிவிட்டார். டாக்டர் ரகுநாத் ஃபெமினாவைப் பாராட்டவில்லை. சொல்லாவிட்டால் ராத்திரி தூக்கத்திலேயே போயிருக்கும் என்றார். பிறகு, "மெஷினை எடுத்துட்டு வந்தியே, அப்பவே சொல்லியிருக்கணும்," என்றார். "நான் உன்னையப் பாராட்டினப்ப எப்படிம்மா நின்ன?"

ஆஸ்பத்திரி மேனேஜர் ஃபெமினா, கார்த்திகா, சத்யா மூன்று பேரையும் அறையில் உட்காரவைத்துப் பேசினார். நோயாளி பிழைத்துக்கொண்டார், வீட்டாருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை, தெரிந்தால் ஊரைத் திரட்டிக்கொண்டு வருவார்கள், உங்கள் வாழ்க்கையும் போய்விடும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். டாக்டர் ரகுநாத் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

ஐ.சி.யு. வாசலில் ஆண்டியப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஃபெமினா அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"நல்லா எந்திரிச்சு ஒக்காந்தாளே தாயி, மறுபடி எதுக்கு உள்ள கொண்டு போனாங்க? கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. நீ சொல்லு. ஒன்னைய நம்பித்தான் கேக்குறேன்."

கடைசி வார்த்தை அவளை நிறுத்திவிட்டது. காலையில் கும்பிட்ட கை இன்னும் கண்ணுக்குள் இருந்தது. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி மாறியதை, தெரிந்த பிறகும் மறைத்ததை, சர்க்கரைத் தண்ணீர் எதற்குக் கொடுத்தாள் என்பதை.

"எந்திரிச்சுப் போ," என்றார் கடைசியில். "இனிமே அவ பக்கம் வராத."

அவர் சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள், கண்ணாடிக் கதவு ஒன்று உடைந்தது. போலீஸ் வரை போகவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று ஃபெமினாவுக்குக் கடைசிவரை தெரியாது. காய்ச்சல் நின்று செங்கமலம் வீட்டுக்குப் போனதைக் கூட யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

ஆஸ்பத்திரி சத்யாவை மறுநாளே நிறுத்தியது. காலேஜில் விசாரணை வைத்து, இரண்டு மாணவிகளையும் ஆறு மாசம் ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து விலக்கினார்கள். அதாவது ஒரு வருஷம் பின்தங்க வேண்டும். கார்த்திகாவின் அப்பா ஆட்டோ பிடித்து வந்து, பெட்டி படுக்கையோடு மகளை ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது அவள் ஃபெமினாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டரிடம் சொன்னது சரிதான், அந்த ஆளிடம் எதற்குச் சொன்னாய் என்று கேட்டார். மேனேஜர் சொன்ன மாதிரி விட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே முடிந்திருக்கும், ஜெர்மனியும் தள்ளிப்போயிருக்காது என்றார். ஃபெமினா அம்மாவையே பார்த்தாள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர் இவர்தான். அதைச் சொல்லிக்காட்டலாம் என்று நாக்குவரை வந்தது. அம்மா கழுவிய தட்டையே மறுபடி மறுபடி கழுவுவதைப் பார்த்ததும் சொல்லவில்லை. பயம் என்பது எல்லா வயசிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துச் சத்யா போன் செய்தாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கிட்ட மொதல்ல வந்து சொல்லியிருக்கலாமே ஃபெமினா. நானே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிருப்பேனே. என் வார்டுல நடந்தது எனக்கே கடைசியாத்தான் தெரிஞ்சுச்சு, வேலயும் போச்சு."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அந்த மூன்று மணி நேரத்தில் தன்னைப் பற்றி யோசித்தாள், கார்த்திகாவைப் பற்றி யோசித்தாள், செங்கமலத்தைப் பற்றி யோசித்தாள். பத்தடி தூரத்தில் நின்ற சத்யாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. மன்னிச்சிருங்கக்கா என்று அவள் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

கார்த்திகாவுக்குத் தை மாசத்தில் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், ஃபெமினா வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினாள். குன்றாண்டார்கோவிலில் இறங்கி மினி பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கார்த்திகாவின் அப்பா வாசலில் கடலைக்கொடியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். யாரென்று தெரிந்ததும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே பேசினாள். மருந்தை ஏற்றியது நான், பெயர் சொல்லாமல் நம்பரைச் சொன்னதும் நான், உங்கள் மகள் நான் கொடுத்ததைப் போட்டாள், அவ்வளவுதான், அவள் படிப்பை நிறுத்தாதீர்கள் என்றாள். வரும்போது பஸ்ஸில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது அது.

கதவுக்குப் பின்னாலிருந்து கார்த்திகா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள்.

"அதையும் நீயே எடுத்துக்கிறியா?" என்றாள். குரல் உயரவில்லை. "பேரக் கேக்காமப் போட்டது நான். அந்தம்மா மொகத்தக் கூட நான் திருப்பிப் பாக்கல. அது என் தப்பு. ஒன்னோடதுன்னு சொல்லிட்டு இங்க வராத." பிறகு அப்பாவைப் பார்த்து, "தப்பு நான்தாம்ப்பா பண்ணேன். அத மறைக்கவும் பாத்தேன். கல்யாணம் பண்ணி வச்சா அது சரியாப் போயிருமா?" என்று கேட்டாள்.

அவர் கடலைக்கொடியைப் புரட்டிப் போட்டார். தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு அந்தப் பிள்ளைய என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார். அது சம்மதமா கோபமா என்று ஃபெமினாவுக்கு விளங்கவில்லை. திரும்புகிற வழியெல்லாம், எல்லார் முன்னாலும் நல்லவளாக நிற்கும் ஆசையில்தான் அங்கே போனோமோ என்ற கேள்வி அவளைக் குடைந்தது. இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மாசி மாசம் கார்த்திகா காலேஜுக்குத் திரும்பி வந்தாள். கல்யாணம் தள்ளிப்போயிருந்தது, நிற்கவில்லை. அப்பா படிப்பு முடிகிறவரை தவணை கொடுத்திருப்பதாக அவள் வேறொருத்தியிடம் சொன்னதுதான் ஃபெமினாவுக்குத் தெரியும். கார்த்திகா ஹாஸ்டலில் வேறு அறை வாங்கிக்கொண்டாள். ஜூனியர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே பஸ்ஸில் போய், இரண்டு பேரும் படித்து முடித்தார்கள். எதிரே பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள். ஒருதரம் பரீட்சை ஹாலில் ஃபெமினாவின் பேனா நின்றுபோனபோது, கேட்காமலே ஒரு பேனா பின்வரிசையிலிருந்து வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பழைய மாதிரி ஆகவில்லை.

ஃபெமினா இப்போது திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஜெர்மன் வகுப்பு மறுபடி நடக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் மாசம், ஒரு லீவு நாளில், சத்யா விராலிமலைப் பக்கம் ஒரு கிளினிக்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனாள். சாயங்கால நேரம், ஒரே கூட்டம். சத்யா கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்கார் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

ஃபெமினா அவள் பக்கத்தில் போய் நின்று, அக்கா, அன்னிக்கு ஒங்ககிட்டதான் மொதல்ல வந்திருக்கணும் என்றாள்.

சத்யா ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்து, எதிரே நின்றவரிடம் எப்போது போட வேண்டும் என்று சொல்லி முடித்தாள். அப்புறம் திரும்பினாள்.

"நீ சொன்னது தப்புன்னு நான் எங்கயும் சொன்னதில்ல. அந்தம்மா உசுரோட இருக்கு. ஆனா பரவாயில்லன்னு நான் சொல்லணும்னு வந்திருந்தா, அது எனக்கு இன்னும் வரல ஃபெமினா."

ஃபெமினா சரிக்கா என்றாள். கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள். சத்யா பிரஷர் மெஷினை எடுத்து ஃபெமினாவின் கையில் வைத்தாள்.

"வந்தது வந்துட்ட. அந்தப் பிள்ளைக்குப் பாத்து எழுது."

கிளினிக் மூடும்வரை அவள் அங்கேயே இருந்தாள். வேலையைத் தவிர இரண்டு பேரும் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. கடைசி ஆள் போனதும் சத்யா விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்க ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கத்தை ஃபெமினா பிடித்துக்கொண்டாள்.